பரு ஒரு வாரம், கறை ஆறு மாதம்

முகத்தில் வந்த பரு ஒரு வாரம், பத்து நாளில் அமுங்கிவிடும். அது உட்கார்ந்திருந்த இடத்தில் விழும் கருங்கறைதான் ஆறு மாதம் ஆனாலும் நகராது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் உள்ள நிறமிச் செல்கள் தொட்டாற்சிணுங்கி ரகம். எங்கே வீக்கம் வந்தாலும் அங்கே நிறமியைக் கொட்டிவிடும். அந்தக் கறைமேல் வெயிலும் பட்டால் இன்னும் கருக்கும். பருவுக்கு மருந்து போட்டுக்கொண்டு சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். போதாததற்கு, பருவுக்குத் தருகிற டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைகளும் அடாப்பலின் போன்ற களிம்புகளும் தோலைச் சீக்கிரம் வெயிலில் வாடவைக்கும். அதனால் இங்கே பரு மருந்தையும் வெயில் காப்பையும் ஒரே வேலையாகவே சொல்கிறோம்.

முதலில் எந்தப் பரு என்று பாருங்கள்

மயிர்க்காலின் வாயில் உதிர்ந்த தோல்செல்லும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடைத்துக்கொள்வதில்தான் எல்லாப் பருவும் தொடங்குகிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. அது அழுக்கு அல்ல, காற்றுப் பட்டுக் கறுத்த பசை, தேய்த்தால் போகாது. வாய் மூடியிருந்தால் தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடு. உள்ளே பாக்டீரியா பெருகி உடம்பு அதோடு சண்டை போட ஆரம்பித்தால் சிவந்த பரு, சீழ்ப்பரு. ஆழத்தில் வலியோடு திரண்டால் கட்டிப்பரு.

இந்த அடைப்பு கண்ணுக்குத் தெரிகிற பருவாக மாற ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். இன்று கண்ணாடியில் பார்க்கிற பரு போன மாதமே உள்ளே புறப்பட்டுவிட்டது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதித் தவறு நின்றுவிடும். மருந்தைப் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால், பக்கத்தில் வரிசையில் நிற்கிற நாளைய பருக்களுக்கு எதுவும் நடக்காது. பரு வருகிற இடம் முழுக்கத்தான் தடவ வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று மருந்தை மாற்றுவதும் அர்த்தமில்லாதது. எந்த மருந்தையும் பன்னிரண்டு வாரம் போட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பருபோலவே தோன்றும், ஆனால் பரு அல்லாத ஒன்றும் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏராளம். நெற்றியிலும் முடி ஓரத்திலும் முதுகிலும் ஒரே அளவில், கடுகு தூவியதுபோல், அரிப்போடு வரும். கரும்புள்ளி ஒன்றுகூட இருக்காது. ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு கூடியிருக்கும். இது மயிர்க்காலில் பூஞ்சை பெருகுவதால் வருவது. பரு மருந்து இதற்கு ஏறக்குறைய வீண். 2% கீட்டோகொனசோல் ஷாம்பூவை நுரைத்து அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுவது, வாரம் மூன்று முறை, இரண்டு மூன்று வாரம் என்று செய்து பார்க்கலாம். இந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. தினமும் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு நெற்றியை மட்டும் குணப்படுத்த முடியாது. எண்ணெயை விடவே முடியாதென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வையுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் தலையை அலசிய பிறகு கடைசியாக முகத்தைக் கழுவுங்கள். பலரும் முகத்தை முதலில் கழுவிவிட்டு, தலையில் இருந்து வழிகிற எண்ணெயை மறுபடி அதன்மேல் விடுகிறார்கள்.

காலை வேலை மூன்று நிமிடம்

முகத்தைக் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை கழுவினால் போதும். நாளுக்கு ஐந்தாறு தடவை கழுவினால் எண்ணெய் குறையாது, தோல்தான் எரிச்சலாகும். அந்த எரிச்சலிலேயே மருந்தைத் தாங்க முடியாமல் நிறுத்திவிடுவார்கள்.

குளியல் சோப்பு வேண்டாம். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது, சோப்பு காரம். உப்பான போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவும் செய்யாது, வெள்ளைப் படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். நுரை குறைந்த, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷ் எடுத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளவர்கள் 2% சாலிசிலிக் அமிலம் உள்ளதை வாங்கலாம். கரும்புள்ளிக்கு அது ஓரளவு உதவும். கடலை மாவு, பயத்தம் மாவு போட்டுப் பழகியவர்கள் மென்மையாக உபயோகித்தால் தப்பில்லை. சிவந்த பருமேல் அதைக் கரகரவென்று தேய்த்தால் ஒவ்வொரு தேய்ப்பும் ஒரு கறை.

கழுவிய பின் மாய்ஸ்சரைசர். முகம் ஏற்கெனவே வழவழவென்று இருக்கிறதே, இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. பரு மருந்து ஈரப்பதத்தைத்தான் உறிஞ்சும். ஜெல் வகையில் கடலை அளவு எடுத்துப் பூசினால் போதும், வியர்க்கிற மாதங்களில் பிசுபிசுக்காது. அதன்மேல் சன்ஸ்க்ரீன். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருப்பதால் கீழே தனியாக.

இரவு மருந்து

லேசான, நடுத்தரமான பருவுக்குத் தோல் மருத்துவர்கள் முதலில் எடுப்பது இரண்டு. ஒன்று, அடைப்பு விழாமல் தடுக்கிற அடாப்பலின் 0.1% ஜெல். இன்னொன்று, பாக்டீரியாவைக் கொல்கிற பென்சாயில் பெராக்ஸைடு. முன்னதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அடாப்பலினைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு அசெலாயிக் அமிலக் களிம்பு இருக்கிறது.

அடாப்பலின் போடும் முறையில்தான் பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. முகம் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள், பத்து இருபது நிமிடம். ஈரத்தோலில் மருந்து வேகமாக இறங்கி எரியும். ஒரு பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அவ்வளவுதான். நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று ஐந்து புள்ளி வைத்து, மெல்லிசாக இழுத்துப் பரப்புங்கள். கண் ஓரம், மூக்கின் மடிப்பு, உதட்டின் மூலை ஆகிய இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட்டால் மருந்து அங்கே தேங்கிப் புண்ணாகாது. கடைசியில் மேலே மாய்ஸ்சரைசர்.

முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒரு இரவு. அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஐந்தாம் வாரம் முதல் தினமும். தோல் மெல்லிசாக, சீக்கிரம் எரிகிறதாக இருந்தால் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று அடுக்குங்கள். அப்படியும் எரிந்தால் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழுவிவிடலாம். மெதுவாகப் போனால் மருந்து வீணாகாது. அவசரப்பட்டு முதல் நாளே தினமும் போட ஆரம்பித்தவர்கள்தான் பத்தாம் நாள் உரிந்த முகத்தோடு மருந்தையே திட்டுவார்கள்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை பரு கூடுவதுபோல் இருக்கும். உள்ளே வரிசையில் நின்றவை ஒன்றாக வெளியே வருகின்றன. இது வழக்கமாகப் பரு வருகிற இடத்திலேயே வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதுவரை பருவே வராத இடத்தில் சிவந்து, அரித்து, வீங்கினால் அது ஒவ்வாமை, நிறுத்துங்கள். பதினைந்து கிராம் குழாய் தினமும் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரும். நான்கு மாதமாகத் தீரவே இல்லை என்றால் பருவில் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பென்சாயில் பெராக்ஸைடு காலையில். 2.5% வாங்குங்கள். 10% கொடுக்கிற பலனை அதுவும் ஏறக்குறையக் கொடுக்கும், எரிச்சல் மட்டும் குறைவு. சதவீதம் கூடினால் மருந்து கூடுதலாக வேலை செய்யும் என்பது கடைக்கார நம்பிக்கை. ஜெல்லாகப் போட எரிந்தால் அதே மருந்து உள்ள ஃபேஸ்வாஷை ஒன்றிரண்டு நிமிடம் முகத்தில் வைத்துக் கழுவலாம். இதில் ஒரே தொல்லை, துணியை வெளுத்துவிடும். தலையணை உறை, துண்டு, சுடிதார் கழுத்து எல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டு விழும். வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பட்டு உடுத்துகிற நாளில் இதைப் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய கார், ஜன்னலோரம் போன்ற சூடான இடத்திலும் வைக்காதீர்கள், வெப்பத்தில் சிதைந்து பென்சீன் என்ற புற்றுநோய் விளைவிக்கும் நச்சு உண்டாகும்.

கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் தடவுவது இங்கே மிகப் பரவலான தவறு. முதல் மாதம் ஜோராக வேலை செய்யும், பிறகு பாக்டீரியா பழகிக்கொள்ளும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்தே போட வேண்டும். மாத்திரையாக டாக்ஸிசைக்ளின் தந்தாலும் மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது.

புருவம், உதட்டு மேல் முடிக்குத் திரெட்டிங் செய்பவர்கள் அதற்கு நான்கைந்து நாள் முன்பே அந்த இடத்தில் அடாப்பலினை நிறுத்துங்கள். வாக்ஸிங்கும் ப்ளீச்சும் மருந்து போடுகிற காலத்தில் வேண்டவே வேண்டாம். தோலோடு உரிந்து வரும்.

சமையலறை வைத்தியம்

எலுமிச்சைச் சாறு கடும் அமிலம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு விழலாம். பேக்கிங் சோடா காரம், அதற்கு நேரெதிர்ப் பக்கத்துத் தவறு. பற்பசை பருவை உலர்த்துவதுபோல் தெரியும், சுற்றியுள்ள தோலைச் சுட்டுவிட்டுப் போகும். வேப்பிலை அரைத்துப் போடுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அடைப்பை அது எடுக்காது. முல்தானி மிட்டி எண்ணெயை உறிஞ்சும், அரை நாளைக்கு. மஞ்சளில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. மஞ்சள் பூசிய முகம் பளிச்சென்று தெரிவதால் பரு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், அதுதான் வம்பு.

‘உடம்புச் சூட்டினால்தான் பரு’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் பரு கூடுவது உண்மை. வியர்வையும் உரசலும் சேர்ந்து மயிர்க்கால் வாயை வீங்கவைக்கின்றன, அதனால்தான். ஹெல்மெட் பட்டை உரசுகிற தாடையிலும் நெற்றியிலும் வரிசையாக வருவதைப் பார்த்தாலே தெரியும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா போட்டு அதைத் தினமும் துவையுங்கள், ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் வாரம் ஒரு முறை. உணவில் சர்க்கரையும் மைதாவும் நிறைந்த தீனி, ஜிம்மில் குடிக்கிற வே புரோட்டீன், சிலருக்குப் பால் ஆகியவை பருவைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பி12 ஊசியும் சத்து மாத்திரையும் கூட்டலாம். எண்ணெய்ப் பலகாரத்தின்மேல் போடுகிற பழிக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை.

கடையில் கேட்டு வாங்குகிற ‘பரு கிரீம்’

மருந்துக்கடையில் “பருவுக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் கையில் வருகிற குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்த்த மூவகைக் கலவைக் கிரீம்களில் இது கட்டாயம் இருக்கும். மங்கு எனப்படும் முகக் கருந்திட்டுக்காக மருத்துவர் சில வாரம் மட்டும் எழுதித் தருகிற மருந்து அது, ஊரில் ‘முகம் வெளுக்கிற கிரீம்’ ஆகிவிட்டது. இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைகளில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

போட்ட முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சிவப்பு அடங்கும், நிறம் கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுவீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் தோல் காகிதமாக மெலிந்து, ரத்த நாளம் வெளியே தெரிய, மீசை தாடி முளைத்து, ஒரே மாதிரியான சிறு பருக்கள் கூட்டமாக வரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி போடுவார்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவிட்டீர்களென்றால் திடீரென்று நீங்களாகவே நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் குழாயோடு போங்கள். படிப்படியாக இறக்கிவிடுவார்.

உற்பத்தியாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாத வெளுப்புக் கிரீம்கள் இன்னொரு ரகம். அவற்றில் பாதரசம் இருப்பதுண்டு. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் போனதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டே வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

சன்ஸ்க்ரீன்: எது, எவ்வளவு, எப்போது

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். வெள்ளைக்காரர் தோல்போல் சிவந்து கொப்பளிக்காது, அதுவரை சரி. நம் தோல் வெயிலுக்குப் பதில் சொல்வதே கறுத்துத்தான், பருக்கறை விஷயத்தில் அதுதானே பிரச்சினை.

புற ஊதாக் கதிரில் தோலுக்கு எட்டுவது இரண்டு வகை. பி வகை தோலைச் சுடும். ஏ வகை இன்னும் ஆழத்தில் இறங்கிக் கறுக்கவைக்கும், ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு கன்னம் மட்டும் கறுப்பது இதனால்தான். குழாயின்மேல் உள்ள எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக பி வகையைப் பற்றிச் சொல்வது. ஏ வகைக்கு பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு கூட்டல் இருந்தால் உத்தமம், மூன்றுக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

எஸ்.பி.எஃப். 30 பி வகைக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் ஒரே சதவீதம்தானே என்றால், அந்த எண் ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நாமெல்லாம் அதில் பாதியோ கால்வாசியோதான் பூசுகிறோம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 50. அளவுக்கு எளிய வழி: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். ஒரேயடியாகப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு விரல் அளவைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு, இரண்டாவதைப் பூசுங்கள். காது, பின்கழுத்து, முடி ஓரம் மூன்றும் எப்போதும் மறந்துபோகிற இடங்கள். தினமும் ஒரு வேளை போட்டாலே 50 கிராம் குழாய் ஒன்றரை மாதத்துக்கு மேல் வரக்கூடாது. உங்கள் வீட்டில் அதே குழாய் ஆறு மாதமாக இருந்தால் என்ன நடக்கிறதென்று சொல்லத் தேவையில்லை.

இதை மாய்ஸ்சரைசரோடும் பவுண்டேஷனோடும் உள்ளங்கையில் குழைத்துப் பூசாதீர்கள், படலம் ஓட்டை விழும். எஸ்.பி.எஃப். 15 மாய்ஸ்சரைசர்மேல் 30 சன்ஸ்க்ரீன் போட்டால் 45 ஆகிவிடாது. வீட்டை விட்டுக் கிளம்ப கால் மணி நேரம் முன்பே போட்டுக் காயவிடுங்கள். பவுடர், விபூதி, பொட்டு எல்லாம் அதற்குப் பிறகு. கொஞ்ச நேரம் காயாவிட்டால் விபூதி பூசியதும் களிம்பாகத் திரளும்.

எந்த வகை? துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ளவை எரிச்சல் குறைந்தவை, ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் வெளுப்புத் தட்டும். வேதிப்பொருளால் வெயிலை வடிகட்டுகிற ஜெல் வகை, தண்ணீர் பதத்து சன்ஸ்க்ரீன்கள் வெளுக்காது, எண்ணெய்த் தோலுக்கு ஒத்துப்போகும், சிலருக்குக் கண் எரியும். கண்ணைச் சுற்றி மட்டும் முன்னதையும் மற்ற இடத்தில் பின்னதையும் போடலாம். பருக்கறையோ மங்குவோ உள்ளவர்களுக்கு எங்கள் சிபாரிசு நிறம் கலந்த சன்ஸ்க்ரீன். அதில் உள்ள இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் மட்டுப்படுத்தும். அந்த ஒளியும் மாநிறத் தோலில் கறையைக் கூட்டுகிறது, சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை. ‘பரு வராது’ என்று பெட்டியில் போட்டிருப்பதை முழுசாக நம்ப வேண்டாம். தாடையோரத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

எப்போது தேவை என்பதற்கு நிழலே கடிகாரம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை. சென்னையில் ஏப்ரல் கடைசியில் காலை ஒன்பது மணிக்கே அந்த நிலை வந்துவிடும், மூன்று மணி தாண்டித்தான் விடும். அந்த வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் கம்பு நட்டுப் பார்க்கிற நிழலில்லா நாள் அதுதான். டிசம்பரில்கூடப் பத்தரை முதல் ஒன்றே முக்கால் வரை இந்தக் கடுமை உண்டு. மேகம் முழுசாகக் காப்பாற்றாது.

வெளியே நின்று வேலை செய்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும், வியர்வையைத் துடைத்த பிறகு உடனே. துடைப்பதும் கைக்குட்டையால் ஒற்றித்தான். வியர்த்த முகத்தின்மேலேயே பூசினால் குழைந்து கண்ணில் வழியும். ஒற்றி, ஒரு நிமிடம் காற்றாட விட்டு, பிறகு பூசுங்கள். அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் காலை ஒன்று, சாப்பாட்டுக்கு வெளியே போவதற்கு முன்பு ஒன்று போதும். டெலிவரி, மார்க்கெட்டிங், கட்டட வேலை என்று நாள் முழுக்க வெளியில் இருப்பவரிடம் இரண்டு மணிக்கொரு தடவை பூசு என்பது நடக்கிற காரியம் இல்லை. அவர்களுக்கு அகன்ற தொப்பியும் குடையும் முழுக்கைச் சட்டையும்தான் முதல் காவல், கிரீம் இரண்டாவது. வண்டியில் முகத்தைச் சுற்றிக்கொள்கிற துப்பட்டா மெல்லிய துணியாக இருந்தால் வெயில் புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத்துணி நல்லது. நேற்றைய வியர்வையோடு அதையே இன்றும் கட்டினால் தாடையில் பரு உறுதி.

கறைக்கும் பள்ளத்துக்கும்

கறை என்பது தட்டையான கருமை. பழுப்பாக இருந்தால் மேல்தோலில் இருக்கிறது, வெயில் காப்பு இருந்தால் மாதங்களில் மங்கும். நீலச்சாம்பலாக இருந்தால் ஆழத்தில், வருடக்கணக்கு ஆகலாம். 5% நியாசினமைடு, 10 முதல் 20% அசெலாயிக் அமிலம் இரண்டும் பருவுக்கும் கறைக்கும் சேர்த்து உதவும். அடாப்பலினும் கறையைக் குறைக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், ஒன்று பழகி மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. ஹைட்ரோகுவினோனை மருத்துவர் மேற்பார்வையில்லாமல் நீண்ட நாள் போட்டால் கரி பூசியதுபோல் நிரந்தரக் கருமையே வரலாம்.

தோல் குழிந்திருந்தால் எந்தக் கிரீமும் அதை நிரப்பாது. அதற்கு ஊசி உருளை, அமிலச் சிகிச்சை, தழும்பை அடியிலிருந்து விடுவிப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன, பரு அடங்கிய பிறகுதான் செய்வார்கள். குழி விழாமல் இருக்க, பருவைக் கிள்ளாதீர்கள். கை நிற்காதவர்கள் இரவில் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுப்பட்டை ஒட்டிக்கொள்ளலாம், சீழையும் இழுக்கும், விரலையும் தடுக்கும். வலிக்கிற கட்டிப்பருமேல் துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் மூக்கு நுனியில் கட்டிப்பரு வந்தால் தோல் மருத்துவர் அதனுள் நீர்த்த ஸ்டீராய்டு ஊசி போடுவார், ஓரிரு நாளில் அமுங்கும். அளவு மிஞ்சினால் தோல் குழியும் என்பதால் அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

மருத்துவரிடம் எப்போது

கட்டிப்பரு, குழித்தழும்பு, குடும்பத்தில் கடுமையான பருத்தழும்பு, இவற்றில் ஒன்று இருந்தாலே பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பருவோடு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அன்றே போங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, தலைமுடி கொட்டுவது ஆகியவற்றோடு பரு வந்தால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும். அங்கே முகத்தில் தடவுவது பாதி வேலைதான்.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும், மற்ற எந்தப் பரு மருந்தும் அந்த அளவுக்குச் செய்யாது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் பாதி வீண். உதடு வெடிக்கும், கண் உலரும், அதற்கு முன்கூட்டியே லிப் பாம் வாங்கி வையுங்கள். கல்லீரல், ரத்தக் கொழுப்பு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடவே கூடாது, மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறலாம். கர்ப்பத்தில் சிசுவுக்குக் கடுமையான குறைபாடு உண்டாக்கும் மருந்து இது. பெண்கள் சாப்பிடும் காலம் முழுக்கவும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கக்கூடாது. அந்த ஒரு மாதக் கெடு ரத்ததானத்துக்கும் உண்டு, ஆண்களுக்கும் சேர்த்து. அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த அட்டையில் மீதியிருக்கிறது என்று தங்கை எடுத்துச் சாப்பிடுகிற மருந்தல்ல.